வடக்குச் சுவர்

அளவுநாடா எடுத்துவர மறந்துவிட்டேன்.
ஷூஷிக் தன் சால்வையைக் காட்டினாள்.
எங்கள் தொழுவத்து வாசல்மேல் இருக்கும் கல்லை
விடியலிலேயே அதில் அளந்து
இரண்டு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள்.

பேருந்து நிற்குமிடத்திலிருந்து ஒரு மணிநேர ஏற்றம்.
கீழே தெபெத் ஆறு,
செம்புச் சுரங்கத்தின் துருவேறிய கம்பிவடம்.
மேலே, கூரையில்லாத மடம்.
துறவிகள் உணவருந்திய கூடத்தில்
யார் வீட்டு மாடுகளோ மூன்று படுத்திருந்தன,
எங்களைப் பார்த்து எழுந்துகொள்ளவுமில்லை.
தரையில் கழுத்துவரை புதைந்த திராட்சைமதுச் சாடிகள்:
ஒன்றில் மழைநீர்,
இன்னொன்றில் அக்ரூட் கன்று, இரண்டே இலைகளோடு.

நிலநடுக்கம் வந்த குளிர்காலத்தில்
ஊரே இங்கு ஏறி வந்தது. ஆளுக்கொரு கல்.
என் மாமனார் கழுதைமேல் ஏற்றி வந்தது
எழுத்துள்ள கல்.
'அவனை மறவாதிரும் ஆண்டவரே.'
ஷூஷிக் படித்துச் சொன்ன நாள்முதல்
ஈஸ்டர்தோறும் அதற்கொரு மெழுகுதிரி,
பசு கன்று ஈன்றால் ஒரு முத்தம்.
யார் அந்த அவன்?
மடத்துக்கு நிலம் எழுதிவைத்த சிற்றரசனா,
பனியில் விறைத்துச் செத்த இளந்துறவியா?
நான் அவனுக்கு ஒரு முகமே கொடுத்திருந்தேன்:
லேசான மாறுகண், சிவந்த காதுகள்.

வடக்குச் சுவரெங்கும் பல் விழுந்த பொக்கைகள்.
ஒவ்வொன்றிலும் சால்வையைப் பிடித்துப் பார்த்தோம்.
நான்காவதில்
முடிச்சுக்கு முடிச்சு, மயிரளவும் பிசகவில்லை.
இடப்பக்கக் கல்லில் பாசி.
வீட்டுச் சாவியால் சுரண்டினேன்.
அவள் எழுத்துக்கூட்டினாள்,
பாதியில் நிறுத்தினாள்,
மறுபடி முதலிலிருந்து.
பிறகு சிரிப்பு பொங்கி
சுவரைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

'இச்சுவரின் கல்லைப் பெயர்த்துப் போகிறவன் எவனோ'

அவ்வளவுதான் அந்தக் கல்.
மிச்சம் எங்கள் தொழுவத்தில்.

சாபமா, சிபாரிசா?
செதுக்கி முடித்து உளியைத் துடைத்தபோது
எப்படி இருந்தது அவன் முகம்?
இத்தனை ஆண்டுகளாக
கடவுள் ஒருவேளை மறந்திருப்பார்,
நாங்கள்தான் விடவில்லை,
திரி கொளுத்திக் கொளுத்தி
எங்கள் வீட்டைக் காட்டிக்கொடுத்திருக்கிறோம்.

ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பிரித்துத் தின்றோம்.
இடைவெளியினூடே ஊர் தெரிந்தது,
பச்சை பூசிய எங்கள் தகரக் கூரையும்.
"அர்ஷாவிரிடம் சொல்லப்போகிறாயா?"
சொன்னால் கல்லைத் திருப்பி வைப்போம் என்பான்.
கல்லை எடுத்தால் தொழுவம் சரியும்.
பனி வரப்போகிறது, சினைமாடு வேறு.

இறங்குகையில் காற்று பலமாக அடித்தது.
ஷூஷிக் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டாள்,
முடிச்சுகளை அவிழ்க்காமலே.