குமிழ் நகரவில்லை

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு.
சாவி கைமாறும் பட்டியலில்
பத்மலோஜினி என்ற என் பெயரில்
மூன்று எழுத்துப் பிழை. நாள் சரி.

காலை எட்டரைக்கு ஈரத்துணி போட்டேன்.
வேலையால் வந்து கோட்டைக் கழற்ற முதல்,
படிக்கட்டிலேயே கேட்டது:
நிலவறையில் அது இன்னும் சுற்றுகிறது.

பத்து மணித்தியாலம்.
துவாய்கள் அப்பளம்.
நிதுர்ஷனின் ஜீன்ஸை இறக்கி வைத்தால்
ஆள் இல்லாமலே நிற்கும்.

கதவைத் திறந்தேன், நின்றது.
மூடினேன்,
விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.
இல்லை, விட்ட இடம் என்று அதற்கு ஒன்றும் இல்லை.
குமிழ் ‘தானியங்கி’யில்,
காலையில் வைத்த அதே கோட்டில்.

நான் ஓல்ட்டன் பணிமனையில்
ரயில்பெட்டி துடைக்கிறவள்.
மாலை வகுப்பில் மின்னியல் பாதி படித்தேன்,
மற்றப் பாதிக்குள் நிதுர்ஷன் பிறந்துவிட்டான்.
அந்தப் பாதியை நம்பி
ப்ளக்கைப் பிடுங்கினேன்.

முதலில் பஞ்சு வடி.
ஒன்பது வீட்டு நூலும்
ஒரே சாம்பல் நிறம்.
அதற்குள் இருபது ராப்பன் காசு ஒன்று,
யாருடையதோ தெரியாது, சட்டைப்பையில் போட்டேன்.
பிறகு கதவு விசை: ‘டிக்’ என்றது, நல்லம்.
பிறகு பின்தகடு, பதின்மூன்று ஆணி,
பன்னிரண்டு கழன்றது.

அப்போதுதான் ஃப்ராவ் சும்ப்யூல் வந்தாள்,
நீல இரவுடுப்பு, கையில் டோர்ச்,
வாயில் பாதி முறைப்பாடு.
மின்கட்டணம் ஒன்பதாகப் பிரிகிறது என்றாள்.
தெரியும் என்றேன்.
இங்கே பிடி என்றேன்.
பிடித்தாள்.

தகட்டின் உள்பக்கம் ஒரு வரைபடம்,
சாதகம் போல மடித்து, பழுப்பேறி.
சனி எந்தக் கட்டத்தில் என்று
இருவரும் குனிந்து தேடினோம்.

டைமரில் பழுதில்லை.
நிமிடக் கணக்கில் வைத்தால் ஒழுங்காக நகர்கிறது.
தானியங்கியில்தான் அதற்குத் தனிப் புத்தி:
வேண்டிய சூடு ஏறினால்
தெர்மோஸ்டாட் கைகாட்டும்,
கைகாட்டினால் டைமர் ஓர் அடி வைக்கும்,
அப்படி அடி அடியாய்ப் போய்த்தான் நிற்கும்.
மீட்டரின் முள்ளை வைத்துப் பார்த்தேன்.
சூடாக்கும் சுருள் இரண்டில்
ஒன்று அறுந்து கிடந்தது.
பாதிச் சூட்டில் துணி காய்கிறது.
நேரம்தான் காயவில்லை.

என்ன பிழை, அவள் கேட்டாள்.
என் ஜெர்மனில் இவ்வளவுதான் வந்தது:
‘சூடு போதாது. அதனால் முடிக்கத் தெரியவில்லை.’
டோர்ச் வெளிச்சம் குலுங்கியது.
‘அப்படி ஒருவரோடு
நாற்பது வருடம் இருந்தேன்’ என்றாள்.
நான் அவளைச் சிரித்துப் பார்த்தது
அதுதான் முதல்தரம்.

புதுச் சுருள் வியாழன் வரும்,
வந்தால். இந்த மாதிரி இப்போது செய்வதில்லை.
அதுவரை நிமிடக் கணக்கு மட்டும்.
‘தானியங்கி’யின் மேல் பிளாஸ்டர் ஒட்டி
ஓர் அறிவித்தல் எழுதினேன்.
அவள் பென்சிலால் ஒரு ‘டேர்’ஐ ‘டீ’ ஆக்கினாள்,
அப்படியே பட்டியலுக்குப் போய்
என் பெயரையும் திருத்தினாள்.
இப்போது இரண்டு பிழை.

சோதனைக்குப் பத்து நிமிடம் வைத்தேன்.
மணி பத்தேகால்.
பத்துக்கு மேல் இயந்திரம் ஓடக்கூடாது என்று
சுவரில் எழுதி ஒட்டியவள்
அதற்குப் பக்கத்திலேயே
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தாள்.

நின்றது.

தண்டவாளத்தில் தூர ஒரு சரக்கு வண்டி,
இந்த அறைக்குள் அது கேட்கும் என்று
எனக்குத் தெரியாது.
அவள் எழும்பினாள், நல்லிரவு சொன்னாள்,
டோர்ச்சை விட்டுவிட்டுப் போனாள்.

நான் துணி மடித்தேன்.
ஜீன்ஸ் மடியவில்லை.
அதைக் கையில் பிடித்தபடி
மூன்று மாடி ஏறினோம்.