பதினைந்து சென்ரிமீற்றர்

கல்முனையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
ஐந்து பேராய் ஒரு தாம்போதி வரையத் தொடங்கினோம்.
போன மாதத்திலிருந்து நான்கு பேர்.
நாவிதன்வெளிப் பக்கம் வெள்ளம் குறுக்கே போகவேண்டும்,
வெள்ளத்துக்குக் குறுக்கே பஸ்ஸும் போகவேண்டும்.

திருத்தம் நான்கில் மேல்மட்டம்
ஒன்று தசம் ஏழு பூச்சியம்.
திருத்தம் ஏழில்
ஒன்று தசம் எட்டு ஐந்து.
இடையில் அதை உயர்த்தியது யார்?

அம்பாறையிலிருந்து நுவந்திகா
அரைத் தமிழில் போனில் கேட்டாள்:
"என்ட கணக்கில அது இல்லையே."

சப்ராஸுக்குக் கம்பி எண்ணுவதுதான் தொழில்,
குற்றம் எதுவும் செய்யாமலே.
"தந்த அளவுக்குத்தான் போட்டன்" என்றான்.

கட்டாருக்குப் போன திலோஜனைச் சொல்லிவிடலாம்.
அவன் லாச்சியில் ஒரு அடிமட்டம், இரண்டு பனடோல்;
பூட்டிய கோப்பின் கடவுச்சொல்
அவனோடு விமானம் ஏறிவிட்டது.
இல்லாதவன் மறுத்துப் பேசமாட்டான்.

மூன்று நாள் தேடினார்கள்.
நானும் சேர்ந்து தேடினேன்.

அந்தப் பதினைந்து என்னுடையது.

மார்கழியில் ஒரு பின்னேரம்,
கரண்ட் போய் வந்த பிறகு,
களப்புத்தகத்து எண்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது
ஒரு மின்கம்பத்தில் காய்ந்திருந்த சேற்றுக்கோடு
நினைவில் ஏறியது.
கணக்கை விட அது மேலே நின்றது.
சொன்னால் ஆதாரம் கேட்பார்கள்.
சேற்றுக்கு எப்படி அடிக்குறிப்பு எழுதுவது?
எண்ணை மாற்றினேன்,
சுற்றிவர மேகக்கோடு போடாமல்.

அதற்குப் பிறகு
ஏறுபாதை ஆறு மீற்றர் நீண்டு
யாரோ ஒருவரின் வரம்பில் முட்டியது.
என் மௌனத்துக்குள் சப்ராஸ்
பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பி கட்டினான்.

வியாழக்கிழமை சொன்னேன்.
மின்விசிறி மட்டும் கொஞ்சநேரம் பேசியது.
திட்டுவார்கள் என்று நினைத்தேன்.
போனுக்குள்ளிருந்து நுவந்திகா கேட்டாள்:
"எந்தக் கம்பம்?"

எனக்குத் தெரியவில்லை.

றிஸ்மியா திருத்த அட்டவணையைத் திறந்தாள்.
திகதி, எண், கையொப்பம்;
பக்கத்தில் ஒரு நிரல் கூட்டி
மேலே "ஏன்" என்று அடித்துவிட்டு
விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

எழுதினேன்:
சேறு கண்டேன். கம்பம் நிச்சயமில்லை.
மழை கழுவியிருக்கலாம்.
நாளை போய்ப் பார்க்கவேண்டும்.

கீழ்வரியில் சப்ராஸ்:
ரேப் நான் கொண்டு வாறன்.