நூற்றுக்கு நான்கு

இந்தப் படத்தில் நடப்பது அவள்.
நடந்தது நான்.

வூச் நகரத்து ஸ்டுடியோ, பிப்ரவரி.
மரச்சட்டத்துக்குள் கொட்டிய சரளைக்கல்,
நாற்பத்தோராம் அளவில் ஓர் ஆண் செருப்பு,
அது கழலாமலிருக்க இரண்டு ஜோடிக் காலுறை.
திரையில் அவள் ரயிலடிக்கு ஓடினாள்.
நான் நின்ற இடத்திலேயே ஓடினேன்.
பனிக்கு உருளைக்கிழங்கு மாவு:
துணிப்பையில் கட்டிப் பிசைந்தால்
ஜனவரி நொறுங்கும்.

முடிவில் ஓடிய பெயர்களில் நான் இல்லை.
ரொட்டி கொண்டுவந்தவர்கூட இருந்தார்.

இப்போது டிஸ்க் என் மேஜைமேல்.
சந்தையில் பதினொரு ஸ்லோட்டி,
உறையில் யாரோ காபி வைத்த வட்டம்.
கணினி அதை விழுங்கித்
தொண்டையைச் செருமிக்கொள்கிறது.
படம் வேண்டாம், ஒலியை மட்டும் கொடு.
மீனில் முள்ளை உருவுகிற மாதிரி,
ஆனால் எனக்கு வேண்டியது முள்தான்.

ஆறு தடங்களாய்ப் பிரிகிறது.
நடுவில் பேச்சு. பக்கங்களில் வயலின்.
பின்னிரண்டில் மழை, மழைக்குள் ஒரு டிராம்.
ஆறாவதில் உறுமல் மட்டும்.
நடுத்தடத்தில், போகாதே என்று
அவன் சொல்லி முடித்ததும்
சரக்,
சரக்.
அது என் இடது குதிகால்.
இடறுவது வலது.

இழப்பில்லாத வடிவம் என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன்.
பச்சைக் கோடு ஊர்ந்து முடிய
கோப்பு பல மடங்கு பருத்து வெளியே வருகிறது.
பெருமைப்பட ஒன்றுமில்லை.
டிஸ்கில் ஏற்றும்போதே பிழிந்துவிட்டார்கள்.
சாற்றைச் சர்க்கரை ஆலை எடுத்துக்கொண்ட
பீட்ரூட் சக்கையைத்தான்
ஒரு நார் உதிராமல் பட்டில் சுற்றுகிறேன்.

ஆனாலும் நடை இடிக்கிறது.
இத்தனை அவசரமாய் நான் நடந்ததில்லை.
அதே செருப்பு இல்லை, அதே முழங்காலும் இல்லை;
இருந்தாலும் நடுராத்திரியில்
கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு
கதவுக்கும் அடுப்புக்கும் நடந்து பார்க்கிறேன்.
கீழ்வீட்டு விக்டோரின்
துடைப்பக்கட்டையால் தன் கூரையை இடிக்கிறார்.
சீராகத்தான் இடிக்கிறார். பதிவுசெய்யலாம்.

பிறகு பிடிபட்டது.
தியேட்டரில் நொடிக்கு இருபத்துநான்கு சட்டம்,
இந்த டிஸ்கில் இருபத்தைந்து.
நூறு நிமிஷம் தொண்ணூற்றாறில் தீர்ந்துவிடுகிறது.
அவன் குரலில் ஒரு நூல் சுருதி ஏற,
மழை யாருக்கோ பயந்து பெய்ய,
அன்றைக்கே வலித்த என் முழங்கால்
நூற்றுக்கு நான்கு பங்கு இளமையாய்.

இழப்பில்லாத வடிவம்
இதையும் பத்திரமாய் வைத்திருக்கிறது.
பிழையில் ஒரு துளி சிந்தவில்லை.

இழுத்து நீட்டினால் சரியாகும்.
நீட்டினேன்.
வந்தாள், என் வேகத்தில்,
செருப்பு கொஞ்சம் பெரிதானவள்.
ஆனால் நீண்ட இடங்களை நிரப்பியது கணினியின் ஊகம்.
அந்தச் சரளை நான் மிதித்ததல்ல.

இரண்டையும் வைத்துக்கொண்டேன்.
இரண்டிலும் கலைஞர் என்ற கட்டம்
காலியாக மினுக்கியது.
லுட்மிவா என்று தட்டினேன்.
குறுக்குக்கோடு போட்ட எங்கள் எழுத்தை
என் பழைய பிளேயருக்குத் தெரியாது.
பெயரின் நடுவே ஒரு கேள்விக்குறி
கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறது.

உட்காரட்டும்.
மணி மூன்றேகால். விக்டோரின் தூங்கிவிட்டார்.
பையில் இன்னொரு டிஸ்க் இருக்கிறது.
அதில் நான் குதிரை.