காரணம்: தூசி

பாலக்காடு ரோட்டில் டயர் கடைக்கு மேலே என் அறை.
நாற்பத்தொரு கட்டடங்கள் இங்கே
நாற்பத்தொரு பச்சைப் புள்ளிகள்.
நார் மில்கள், ஒரு கல்யாண மண்டபம்,
ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, மாட்டுத்தீவனக் கம்பெனி.
ஒவ்வொன்றின் சுவரிலும் ஒரு சிவப்புப் பெட்டி.
அறுபது நொடிக்கொருமுறை அது
கம்பி வழியே ஒரு வரி அனுப்பும்:
இருக்கிறேன்.
வீட்டுக்குப் போன் செய்பவர்கள்
இவ்வளவு பேசினால் போதும் என்று
சில இரவுகளில் நினைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சியில் ஃபைபர் என்றால் இரண்டு.
தேங்காய் மட்டையை அடித்து உரித்துக் காயப்போடுவது ஒன்று.
கண்ணாடி முடியாய்க் கம்பத்துக்குக் கம்பம் தொங்கி
என் திரைக்கு வெளிச்சம் கொண்டுவருவது மற்றது.
முதலாவது பறக்கும்.
பறந்துபோய்க் கூரையில் இருக்கும் கருவிக்குள் புகுந்து
புகை என்று பொய்சாட்சி சொல்லும்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இப்பால்
வஞ்சிமுத்து மில், மூன்றாம் கிடங்கு.
ராத்திரிக்கு மூன்று முறை சாட்சி.
ஏனுங்க அம்மிணி,
அந்தச் சனியன் வாயக் கொஞ்சம் மூட வைங்க.

பன்னிரண்டாம் தேதி, மாலை நாலு மணி.
மண்டலம் மூன்று: முடக்கு.
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
காரணம் கேட்டது. தூசி என்று அடித்தேன்.
கீழே என் பெயர் தானாக விழுந்தது: கோகிலவாணி.

பத்தொன்பதாம் தேதி இரவு இரண்டு பதினேழு.
மேற்கே கணவாய்க் காற்று.
வஞ்சிமுத்து மில்லிலிருந்து ஓர் இருக்கிறேன் வரவில்லை.
அடுத்ததும் வரவில்லை.
மூன்றாவதுக்குப் புள்ளி மஞ்சளானது: தொடர்பு இல்லை.
பெரும்பாலும் பொக்லைன்.
இல்லையென்றால் உயரப் பொதி ஏற்றிய லாரி
கம்பியை வாரிக்கொண்டு கொழிஞ்சாம்பாறை போயிருக்கும்.
காலையில் ஆள் போவான்.
டீ போட எழுந்தேன்.

கெட்டிலை அழுத்தியபின் உறைத்தது.
அதே கம்பத்தில் தொங்கும் எடைமேடை
இன்னும் பச்சை.
வெளியே எதுவும் அறுபடவில்லை.
மில்லுக்குள் அந்தக் கண்ணாடி முடி எங்கே போகிறது?
வரைபடத்தைத் திறந்தேன்.
மூன்றாம் கிடங்கின் கூரைக்கடியில்.

வாட்ச்மேன் அப்புக்குட்டன் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்.
அவர் போனும் அந்தப் பக்கத்து டவரையே பிடிக்கும்.
ஏழாவது மணியில் எடுத்தார்.
ஒந்நுமில்ல மோளே. மணி அடிச்சில்லல்லோ.
மணி அடிக்காது சேட்டா, நான்தான்...
நில்லு, என்றார்.
ஒரு மணம் உண்டு.

எங்கள் பக்கம் மணம் என்றால் ஜாதிமல்லி.
அவருக்கு எரிவதும் மணம்தான்.
ஒரு வினாடி அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன்.
அந்த வினாடியும் என் கணக்கில்தான் இருக்கிறது.

நார் சட்டென்று தழல் விடாது.
பொதிக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.
கிடங்கின் பரணில் ஒடிசாவிலிருந்து வந்த ஆறு பேர் தூக்கம்.
பரண் வரைபடத்தில் இல்லை.
இரும்புக் குழாயால் அவர் ஷட்டரை அடித்த அடி
போனில் கேட்டது. பொள்ளாச்சியில் உட்கார்ந்து எண்ணினேன்.
ஆறாவது ஆள், பிகாஷ்,
செருப்பை எடுக்கத் திரும்பிப் போனானாம்.
வந்துவிட்டான்.

முந்நூறு பொதி போயிற்று.
விசாரிக்க வந்தவர் பதிவேட்டைப் புரட்டினார்.
பெறப்பட்ட தீ எச்சரிக்கை: சுழியம்.
கருவி இரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கே பார்த்திருக்கிறது.
பெட்டி தன் நினைவில் குறித்தும் வைத்திருக்கிறது.
என்னிடம் சொல்லாதே என்று சொல்லியிருந்தேன்.
சொன்னபடி கேட்டது.
சமயோசிதம் என்று என்னைப் பாராட்டி எழுதினார்கள்.
பன்னிரண்டாம் தேதி வரியை அச்செடுத்து
அந்தக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி
அனுப்பியவருக்கே திருப்பினேன். பதில் இல்லை.

நேற்று வஞ்சிமுத்து கூப்பிட்டார்.
அஞ்சாங் கிடங்கு, அம்மிணி. ராத்திரி பூரா கத்துது.
தூசிதானுங்க.
தூசிதான் சார். துடைக்க வியாழக்கிழமை ஆள் வருவான்.
அதுவரைக்கும்?
கத்தட்டும்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டுமா என்று
அப்புக்குட்டன் கேட்டார்.
வேண்டாம் என்றேன்.