அறுநூறு

என் வேலை அழுத்துவது.
எண்ணெயிலிருந்து ஏறி வரும் அரிசெலுவை
இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து
நொறுங்காமல், எண்ணெய் மட்டும் இறங்கும்படி.
பதினோரு வருஷமாய்
சங்கராந்திக்கு முந்தின பத்து நாள்
கோனசீமாவில் வீடு வீடாய் இதுதான்.
எண்ணுவதும் நான்தான்.
பத்துக்கு ஒரு கரிக்கோடு, சுவரில்.

பாகம் பார்ப்பவள் வீரவேணி.
கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு வெல்லம் விட்டு
விரல் நுனியில் திரட்டுவாள்.
உருள வேண்டும். தட்டினால் சத்தம் வரக்கூடாது.
சத்தம் வந்தால் அது பல்லுக்கு விரோதம்.

பாப்பாயம்மா வீட்டில் அறுநூறு சொன்னார்கள்.
புது மாப்பிள்ளை, முதல் பண்டிகை.
திரும்பிப் போகும்போது சம்பந்தி தெருவுக்கே
வீட்டுக்கு ஐந்தாய்க் கொடுத்தனுப்ப வேண்டும்.
ஒன்று குறைந்தால்
குறைந்தது அரிசெலு என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

அரிசி ஒரு பகல், ஒரு ராத்திரி ஊறியது.
வடித்து, ஈரம் உள்ளங்கையில் ஒட்டுகிற பக்குவத்தில்
சத்திபாபு மில்லுக்குத் தூக்கினோம்.
மிளகாய் அரைத்த மிஷினைக் கழுவினாயா என்றாள் நூகரத்னம்.
மோந்து பார் என்றான்.
பார்த்தாள். இரண்டு தும்மல்.
மறுபடி கழுவினான்.

மறுநாள் போகி.
அடுப்பில் தென்னை மட்டை படபடக்க
வெல்லம் நுரை கட்டும் நேரம்
வாசலில் ஆட்டோ.
ஹிமபிந்து இறங்கினாள், ஒரு பையோடு.
வேறு யாரும் இறங்கவில்லை என்பதை
நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகப் பார்த்தோம்,
ஒன்றாகக் குனிந்துகொண்டோம்.

“அவர்?”
“வரமாட்டார்.”
“பண்டிகைக்கா?”
அதற்கு அவள் செருப்பைக் கழற்றினாள்.

அந்த நேரம் பார்த்து வீரவேணி
பாகம் வந்தாச்சு என்றாள்.
அவள்தான் என்ன செய்வாள்.
இருபது எண்ணுவதற்குள் முற்றிவிடும்.
மாவு ஈரம், விடிந்தால் புளிக்கும்.
கரண்டி பிடித்த கையோடு
எல்லோரும் பாப்பாயம்மா வாயையே பார்த்தோம்.
அவள் மகளைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள்.
“கொட்டுங்கடி.”

கொட்டினோம்.
பிறகு பேச யாருக்கு நேரம்?
கிளறி, எள் தூவி, உருட்டி, இலையில் தட்டி
எண்ணெயில் விட்டால்
அடியில் கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே வரும்.
வந்ததைத் திருப்பி என் பக்கம் தள்ளுவார்கள்.
அழுத்துவேன்.

பதினைந்தாவது கோடு போட்டிருப்பேன்,
எதிரே வந்து உட்கார்ந்தாள்.
பஸ் தூசி முகத்தில் அப்படியே.
“அழுத்தாதது ஒன்று கொடுங்கள்.”
அழுத்தாததை யாரும் தின்பதில்லை, அம்மா,
முழங்கை வரை எண்ணெய் ஓடும் என்றேன்.
கையை நீட்டியபடியே இருந்தாள்.

ஓடியது.
நாக்கு சுட்டது. கண்ணில் நீர் கட்டியது,
சூட்டினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
முழுதும் தின்றாள்.
இன்னொன்று கேட்டாள்.
பிறகு என் கரித்துண்டை எடுத்து
அடுப்பில் போட்டாள்.
“இனி எண்ண வேண்டாம்.”

அதற்கப்புறம் எத்தனை சுட்டோம், தெரியாது.
ஆட்டோக்காரனுக்கு ஒரு பொட்டலம் போனது.
சத்திபாபுவுக்குப் போனது.
எதிர்வீட்டுக்காரி எட்டிப்பார்த்துக் கேட்க வந்த கேள்வியை
இரண்டு கையிலும் அரிசெலு கொடுத்து அடைத்தாள் பாப்பாயம்மா.

கூலியோடு எனக்கு ஒரு தூக்கு நிறைய.
வீட்டில் தரையில் கொட்டி எண்ணினேன். பழக்கம்.
நாற்பத்து மூன்று.
அதில் ஒன்றில் என் பலகையின் ரேகை இல்லை.
உப்பி, கனத்து, தூக்கின் அடியில்
தனியாய் இலையில் சுற்றி வைத்திருந்தது.

ஆறிப் போயிருந்தது.
விளக்கைப் போடாமல், நின்றபடியே தின்றேன்.
முழங்கை வரை ஓடத்தான் செய்தது.

காலையில் ராஜோலில் நானூறு.
புதுக் கரித்துண்டு தேட வேண்டும்.