பத்தி நான்கு

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்பதில்
புதுக்கடையில், ஒரு நொத்தாரிசின் மாடியில்,
மின்விசிறி நின்றபோதெல்லாம் நின்று
சுழன்றபோதெல்லாம் தொடர்ந்து
அலோசியஸ் பெர்னாண்டோபுள்ளே
தனக்குப் பிந்திய உலகத்தைச் சொல்லி முடித்தார்.

சாட்சி என்று கையெழுத்துப் போட்டவன் நான்.
அவர் கடைக் கணக்குப்பிள்ளை, வயது இருபத்தாறு.
பசி. வேறொன்றும் நினைவில்லை.

நாற்பது வருடம் அந்த உறையை அவர் பிரிக்கவில்லை.
இப்போது நிறைவேற்றுநர் நான்.
கொட்டாஞ்சேனை வீட்டில், பிரேதம் போன மறுவாரம்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன்.

பத்தி ஒன்று. செட்டியார் தெருக் கடை, இளைய மகனுக்கு.
கடை இல்லை.
இளைய மகனும் இல்லை.
பத்தி இரண்டு. மொரிஸ் மைனர் கார், மூத்தவனுக்கு.
எண்பத்து நான்கில் அதை விற்றுத்தான்
மூத்தவன் விமானம் ஏறினான்.
ஒருவகையில் அவனுக்கே போய்ச் சேர்ந்தது.
பத்தி மூன்று. கறுப்பு மைப்பேனா, எனக்கு.
பத்தி நான்கு. கடையின் முன்னறையில்
யன்னலோரம் நிற்கும் தையல் மெசின்,
அதில் தைக்கும் மேபலுக்கு.

மிச்சமெல்லாம், எதுவானாலும், மூத்தவனுக்கு.

சட்டத்தரணி ரிஸானா பென்சிலால் கோடிட்டாள்.
பொருள் இல்லையென்றால் கொடையும் இல்லை, அங்கிள்.
ஈடாக இன்னொன்று கொடுக்கவும் ஏலாது.
சாட்சி வைத்தவருக்கு எழுதியதும் செல்லாது.
பேனா மிச்சத்தில் சேரும்.

அந்த யூலை மாதம் அவர் சொத்தைப் பங்கிட்ட நெருப்பு
எந்த நொத்தாரிசிடமும் போகவில்லை.
சாட்சிகள் இருந்தார்கள்.
யன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

கொடைக்கு முன்னே கடன்.
மூன்று மொழியில் விளம்பரம் போட்டேன்.
மருந்துக்கடை வந்தது, பெட்டிக்கடை வந்தது,
தண்ணீர் பில் வந்தது.
ஒருவர் மட்டும் வாங்க வரவில்லை, தர வந்தார்.
எழுபத்தாறில் கைமாற்றாய் எடுத்த முந்நூறு ரூபாய்,
நான்காய் மடித்த நோட்டுகள்.
எந்தத் தலைப்பில் வரவு வைப்பதென்று
அரைமணி நேரம் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லண்டன் வங்கியில் கொஞ்சம் கிடந்தது.
அதற்கு அந்த ஊர்ச் சட்டம் தன் முத்திரையும் கேட்டது,
கொழும்பு முத்திரைக்கு மேல், சிவப்பாய்.
ஹரோவிலிருந்து மூத்தவன் கேட்டான்:
இன்னும் எத்தனை மாதம்?

மேபல் மட்டக்குளியிலிருந்து பஸ்ஸில் வந்தாள்.
எழுபது தாண்டிவிட்டது.
சுட்டுவிரலில் ஊசி ஏறிய பழைய தழும்பு.
எப்படிச் சொல்வதென்று நான் தண்ணீரைக் குடித்தேன்.

மெசின் இல்லை எண்டு எனக்குத் தெரியாதோ?
எதிர்ப்பக்கம் நிண்டு பாத்தவள் நான்.
சில்லு மட்டும் கடைசிவரை சிவந்து கிடந்தது.
அதைக் கேட்டு நான் வரேல்லை.
என்ர பேர் எழுதியிருக்கிற இடத்தைக் காட்டுங்கோ.

காட்டினேன்.
விரலை வைத்து, எழுத்துக்கூட்டி,
தன் பேரில் வந்து நின்றாள்.
எனக்கு இதில் ஒரு கொப்பி வேணும்.
முத்திரை குத்தின கொப்பி.

நீதிமன்றப் பதிவறையில் மூன்று நாள் அலைந்தேன்.
கட்டணம் என் சட்டைப்பையிலிருந்து.
இறுதிக் கணக்கில் அதைக் காட்டவில்லை.
நாற்பது வருடத்தில்
நான் எழுதாமல் விட்ட ஒரே செலவு.

அவள் அதைப் பார்சல் போலச் சுற்றி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்,
பாரமான எதையோ தூக்குகிறவள்போல
ஒரு பக்கம் சாய்ந்து.

பேனாவைப் பற்றி மூத்தவனுக்கு எழுதினேன்.
ஒரு வரியில் பதில்:
எறியுங்கோ, அல்லது நீங்களே வைச்சிருங்கோ.

வைத்திருக்கிறேன்.
நிப்பு வளைந்திருக்கிறது, மை கசிகிறது.
ஆனாலும் அது மகன் விட்டது.
அவர் தந்தது அல்ல.