அரைப்புள்ளி

இரவு பதினொன்றேகால்.
முதல் பக்கத்தில் இன்னும் ஒரு தலைப்பு பாக்கி.
ஜாலான் ஈப்போ மழையில் நின்றுகொண்டிருந்தது.
கீழ்த்தளத்தில் அச்சு இயந்திரம் காத்திருக்கும் சத்தம்
என் பல்லில் கேட்டது.

சூசைநாதன் பேசிய காணொலியை மூன்றாம் முறை ஓட்டினேன்.
செந்தூல் திடல், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
பாதி காலி.
"இந்தத் தொகுதி மக்களுக்கு நான்" என்றார்.
நின்றார்.
ஏழு நொடி. எண்ணினேன்.
ஒலிபெருக்கிகூட ஒருமுறை இருமியது.
"கடன்பட்டவன்" என்று முடித்தார்.

தட்டினேன்:
அரைப்புள்ளி சூசை.
நான்கு பத்தி அகலம், எழுபத்திரண்டு புள்ளி எழுத்து, கறுப்பு.

இளமாறன் அண்ணன் சிரித்துச் சிரித்து
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதுக்குத்தாம்மா உனக்குச் சம்பளம்."
உண்மைதான்.
வேறு எதற்கும் தந்ததாக நினைவில்லை.

முன்பும் பெயர் வைத்திருக்கிறேன்.
கட்சி மாறினவரைத் தவளை என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை இப்போது;
எந்தக் குட்டையிலிருந்து எந்தக் குட்டைக்கு என்று
தூரம் அளந்து போட்டால்தான் விற்கும்.
அவர்களும் சும்மா இல்லை.
ஒருவர் மேடையேறி எங்களை
நாசி லெமாக் மடிக்கிற தாள் என்றார்.
மறுநாள் அதையே தலைப்பாக்கினோம்.
முந்நூறு பிரதி கூடுதல்.
அவருக்குத் தீபாவளிக் கூடை அனுப்பினோம்.

அரைப்புள்ளிக்கு மட்டும் கால் முளைத்தது.
எதிரணிப் பேச்சாளர் வாக்கியத்தின் நடுவில் நின்று
கைக்கடிகாரம் பார்த்தார்.
கூட்டம் எண்ணியது: ஒன்னு, ரெண்டு, மூணு.
சுவரொட்டியில் அவர் வாய்மேல் யாரோ
கறுப்பு மையால் ஒரு வளைந்த வால் போட்டான்.
பள்ளிப் பையன்கள் அவர் காரைக் கண்டால்
கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக் காட்டினார்கள்.

கடைசிக் கூட்டத்தில் நிறுத்தாமல் பேசினார்,
தாளைப் பார்த்து, படபடவென்று,
துரத்தப்படுகிறவர் போல.
ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.
அதற்கும் நாங்கள் தலைப்பு வைத்தோம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தோற்றார்.
அந்தச் சொச்சத்தில் என் பங்கு எத்தனை என்று
தேர்தல் ஆணையம் பிரித்துக் காட்டுவதில்லை.

நான்கு வருடம் போனது.
எல்.ஆர்.டி. தண்டவாளத்துக்குக் கீழே மாமாக் கடை.
என் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
"தே ஓ கோசோங்" என்றார், தயங்காமல்.
பிறகு என்னைப் பார்த்து,
"அரைப்புள்ளி நீங்கதானே?"

நானில்லை, நீங்கள்தான் என்று
நாக்கு நுனிவரை வந்தது பாருங்கள்.
தொழில் புத்தி.

"சுவரொட்டியில அவனுங்க போட்டது தப்பு.
வால் மட்டும் போட்டா அது கால்புள்ளி.
மேல ஒரு புள்ளி வேணும்ல.
ரெண்டு மூணு இடத்துல நானே பேனா எடுத்துத் திருத்தினேன்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் வடையைப் பிய்த்தேன்.
பிய்த்ததைத் தின்னவில்லை.

கேட்டேவிட்டேன்.
அன்று திடலில்
"நான்" என்றதற்கும் "கடன்பட்டவன்" என்றதற்கும் நடுவில்
என்ன யோசித்தீர்கள்?

அவர் நின்றார்.
தலைக்குமேல் ரயில் வந்தது, போனது.
ரொட்டி சானாய் போடுகிறவன் மாவை வீசி விரித்தான்;
அது காற்றிலிருந்து கல்லுக்கு வந்தபிறகும்
அவர் பேசவில்லை.
மேசைக்கடியில் என் விரல்கள்
பழக்கத்தில் எண்ணத் தொடங்கியிருந்தன.
நான்கில் மடக்கிக்கொண்டேன்.

"பேப்பர் இப்ப எவ்வளவு விக்குது?" என்றார்.
"ஒன்னு எம்பது."
"அடேயப்பா" என்றார்,
இரண்டு பேர் தேநீருக்கும் சில்லறை எண்ணி வைத்தபடி.